முதல் ராத்திரி அறையும் அங்கே போகிற வண்டியும்: எளாவூரிலிருந்து கோலாலம்பூர் வரை

கோலாலம்பூரில் அறை பார்ப்பதும், விமான நிலையத்திலிருந்து அந்த அறைக்குப் போய்ச் சேர வண்டி பார்ப்பதும் ஒரே வேலை. முதல் தடவை வெளிநாடு போகிற குடும்பங்கள் இரண்டையும் தனித்தனியாக எடுத்துக்கொள்கின்றன. அறையை மாதக்கணக்கில் அலசி, விலை ஒப்பிட்டு, படம் பார்த்துப் போடுகிறார்கள். வண்டியை மட்டும் "அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். முதல் நாளிலேயே பணம் போவதும் மனம் நோவதும் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

அந்த நகரத்தின் அமைப்பும் இதற்கு ஒரு காரணம். 1998இல் திறக்கப்பட்ட கோலாலம்பூர் பன்னாட்டு விமான நிலையம் நகரத்தில் இல்லை. சிலாங்கூர் மாநிலத்தின் செப்பாங்கில் இருக்கிறது. அங்கிருந்து நகரின் மையமான கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு 57 கிலோமீட்டர். எளாவூர் ஸ்டேஷனிலிருந்து சென்னை சென்ட்ரல் வருகிற தூரத்தோடு ஏறத்தாழ ஒத்துப்போகும் கணக்கு இது. மீனம்பாக்கத்தில் இறங்கி ஆட்டோ பிடித்து கிண்டிக்குப் போவதுபோல் நினைத்துக்கொண்டு இறங்குகிறவர்களுக்கு இந்தத் தூரம்தான் முதல் அதிர்ச்சி.

எளாவூர், சுண்ணாம்புகுளம், ஆரம்பாக்கம் பக்கத்துப் பழவேற்காடு ஏரிக்கரைக் கிராமங்களுக்கு மலேசியா இன்று எட்டாத நாடு இல்லை. இந்தியப் பயணிகளுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம் என்ற சலுகை 2023 டிசம்பர் 1இல் வந்தது. 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. சென்னையிலிருந்து விமானம் நான்கு மணி நேரம்தான். பழவேற்காடு ஏரியின் சேற்று நண்டு உயிரோடு பெட்டியில் கட்டப்பட்டு, சென்னை வழியாகத் தென்கிழக்கு ஆசியாவுக்குப் பறக்கத் தொடங்கிப் பல காலம் ஆகிறது. அதைப் பிடித்தவர்கள் இப்போதுதான் அந்த வழியில் போகிறார்கள், பத்துமலை முருகனைப் பார்க்க, அங்கே வேலையில் இருக்கிற பிள்ளையைப் பார்க்க.

பயணத்தின் முதல் பகுதி வீட்டு வாசலில் தொடங்குகிறது. எளாவூரில் நிற்கிற ரயில்கள் குறைவு என்பதால், பலருக்குக் கும்மிடிப்பூண்டியிலிருந்து கிளம்பும் புறநகர் ரயில்தான் கைகொடுக்கும். சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகம் வரை ஒன்றரை மணி நேரம் ஒதுக்க வேண்டும். சாலையைக் கடந்து கீழே இறங்கினால் மெட்ரோ. நீலத் தடம் மாறாமல் நேரே விமான நிலையம் வரை போகிறது. அதற்கு முக்கால் மணி நேரம். இரவு பதினொன்றரைக்கு விமானம் என்றால் எட்டரைக்குள் உள்ளே இருக்க வேண்டும், அதனால் நான்கு மணி வாக்கில் கும்மிடிப்பூண்டியில் ஏறிவிடுவது நல்லது. வழியனுப்பும் சொந்தக்காரர்களோடு வேன் பிடித்துப் போகிற வழக்கமும் இருக்கிறது. அப்படிப் போகிறவர்கள் காரனோடை, செங்குன்றம் பக்கத்து மாலை நெரிசலைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஐப்பசி முதல் மார்கழி வரை இன்னொரு கணக்கும் உண்டு. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் ஓடுதளத்தில் தண்ணீர் நின்று சென்னை விமான நிலையமே மூடப்பட்டது. மறுநாள் காலையில்தான் திறந்தது. அந்தப் பருவத்தில் அறை போடுகிறவர்கள் சில ரூபாய் கூடினாலும், கடைசி நாள் வரை ரத்து செய்யக்கூடிய அறையையே போட வேண்டும். வானம் பார்த்துக் கடலுக்குப் போகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மலேசிய நேரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. சென்னையில் நள்ளிரவை ஒட்டிக் கிளம்பினால், அங்கே இறங்கும்போது விடிகாலை ஆறு, ஏழு மணி ஆகியிருக்கும். இந்தச் சின்னக் கணக்கு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அங்குள்ள ஹோட்டல்கள் பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குத்தான் அறை கொடுக்கும். தூக்கம் இல்லாத குழந்தையும் வயதான அம்மாவும் எட்டு மணி நேரம் வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்திருப்பது நடக்காத காரியம். ஒரு வழி, முந்தைய இரவுக்கும் சேர்த்து அறை போட்டுவிட்டு, "விடியற்காலையில்தான் வருவோம்" என்று ஹோட்டலுக்கு முன்கூட்டியே எழுதிவிடுவது. எழுதாவிட்டால் வரவில்லை என்று நினைத்து அறையை விடுவித்துவிடும் ஆபத்து இருக்கிறது. இன்னொரு வழி, மூட்டைகளை ஹோட்டலில் வைத்துவிட்டு வெளியே சுற்றுவது. ஏறக்குறைய எல்லா ஹோட்டலும் இதற்கு ஒப்புக்கொள்ளும். விமான நிலையத்திலேயே 3 மணி, 6 மணி நேரக் கணக்கில் படுக்கை தரும் கேப்சூல் டிரான்சிட் இருக்கிறது. நடு ராத்திரியில் இறங்குகிற தனிப் பயணிக்கு அது பெரிய உதவி. சம சமா, டியூன் போன்ற ஹோட்டல்களும் விமான நிலையத்தை ஒட்டியே உள்ளன. வயதானவர்களோடு நள்ளிரவுக்குப் பின் இறங்குகிறவர்கள் முதல் இரவை அங்கேயே கழித்துவிட்டு, வெளிச்சத்தில் ஊருக்குள் போவதே சரி. விலை கொஞ்சம் கூடும், ஆனால் இருட்டில் தெரியாத ஊரில் முகவரி தேடி அலைய வேண்டாம்.

குடிநுழைவுச் சோதனையில் அறை ஒரு ஆவணமாகவும் மாறுகிறது. எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள், கையில் எவ்வளவு பணம் என்று அதிகாரி கேட்கலாம். பதில் திருப்தி இல்லையென்றால் உள்ளே விடாமல் அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பும் அதிகாரம் அவருக்கு உண்டு. ஹோட்டல் உறுதிச் சீட்டு, திரும்பும் டிக்கெட் இரண்டையும் தாளில் அச்சடித்து வைத்துக்கொள்வது பழைய பழக்கம்தான், ஆனாலும் விடக்கூடாத பழக்கம். போனில் சார்ஜ் தீர்ந்துபோகும், தாள் தீராது. பயணத்துக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மலேசிய எண்ம வருகை அட்டையையும் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்கு மலேசிய அரசின் தளத்தில் கட்டணம் கிடையாது. கட்டணம் கேட்கும் பக்கம் வேறு யாருடையதோ.

வெளியே வந்ததும் முதல் கேள்வி: இது எந்த டெர்மினல்? ஏர்ஏசியாவில் வருகிறவர்கள் 2014இல் திறக்கப்பட்ட டெர்மினல் 2இல் இறங்குவார்கள். மலேசியா ஏர்லைன்ஸ் டெர்மினல் 1இல். கூட்டிப்போக வரும் உறவினருக்கும், ஆப்பில் அழைக்கும் காருக்கும் இது சரியாகத் தெரியாவிட்டால் இரு பக்கமும் ஒரு மணி நேரம் வீண். இரண்டு டெர்மினலுக்கும் நடுவே ரயிலில் மூன்று நிமிடம்தான், ஆனால் நடந்து போகும் தூரம் இல்லை.

நகரத்துக்குப் போக ரயில், பேருந்து, கூப்பன் டாக்சி, ஆப்பில் அழைக்கும் கிராப் கார் என்று நான்கு வழிகள். கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் ரயில் 2002இலிருந்து ஓடுகிறது. டெர்மினல் 1இலிருந்து 28 நிமிடம், டெர்மினல் 2இலிருந்து 33 நிமிடம், விமான நிலையத்தை விட்டால் நடுவில் வேறு எங்கும் நிற்காமல் கேஎல் சென்ட்ரல். பெரியவர்களுக்கு 55 ரிங்கிட். ஒரு ரிங்கிட்டை 20 ரூபாய் என்று வைத்தால் 1,100 ரூபாய். தனியாகப் போகிற பெண்ணுக்கும், முதல் தடவை போகிற மாணவருக்கும் இதைவிடக் கவலையில்லாத வழி கிடையாது. பேரம் இல்லை, ஓட்டுநர் இல்லை, வழி மாறிப் போகும் பயம் இல்லை. நால்வர் என்றால் 220 ரிங்கிட். அதைவிடக் கார் மலிவு. பேருந்து இன்னும் மலிவு, 15 ரிங்கிட் சுற்றி வரும், ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் எடுக்கும். மூட்டை குறைவாக, பகலில் இறங்குகிறவர்களுக்கு அது போதும். ரயில் நள்ளிரவு தாண்டிச் சிறிது நேரத்தில் நின்று, மறுபடி விடிகாலை 5 மணி வாக்கில்தான் ஓடும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

டாக்சி வேண்டும் என்றால் வருகைக் கூடத்துக்கு உள்ளேயே கூப்பன் கவுன்டர் இருக்கிறது. போகும் இடத்தைச் சொன்னால் வட்டாரத்தை வைத்து விலை குறித்துச் சீட்டு தருவார்கள். அதை ஓட்டுநரிடம் கொடுத்தால் போதும். பழவேற்காட்டு ஏரிக்காரர்களுக்கு இது புரிவது எளிது. ஏரியில் பாடு முறையில் வலை போட யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்பது முன்கூட்டியே முடிவாகிவிடும். அங்கே போய்ச் சண்டை போட இடமில்லை. கூப்பன் டாக்சியும் அப்படித்தான். முறை இவருடையது, விலை இது, பேச்சு முடிந்தது. நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை கட்டணத்தில் பாதி கூடுதலாகச் சேரும். அது ஏமாற்று இல்லை, சட்டப்படியான இரவுக் கட்டணம்.

இன்று பெரும்பாலானோர் கிராப்பில் போகிறார்கள். ஊபரின் தென்கிழக்கு ஆசிய வணிகத்தை 2018இல் கிராப் வாங்கிவிட்டதால் அங்கே ஊபர் ஆப்பைத் திறந்து பயனில்லை. கிராப் ஆப்பை எளாவூரிலேயே, இந்திய எண்ணில் ஓடிபி வரும்போதே பதிவு செய்துவிட வேண்டும். செப்பாங்கில் இறங்கி மலேசிய சிம் போட்ட பிறகு பதிவு செய்ய முயன்றால், ஓடிபி பையில் கிடக்கும் பழைய சிம்முக்குப் போகும். விமான நிலையத்தில் இலவச வைஃபை இருக்கிறது. கார் அழைக்க அது போதும், ஆனால் காரில் ஏறியதும் அது கிடைக்காது. அதனால் சிம்மோ ரோமிங்கோ ஏதாவது ஒன்று தேவை. ஆப் காட்டும் விலை முன்பே தெரியும். சுங்கக் கட்டணம் அதோடு சேரலாம். ரொக்கமாகவும் கொடுக்கலாம். நால்வரும் நான்கு பெட்டிகளும் சிறிய காரில் அடங்காது, ஆறு பேர் காரையே கேட்க வேண்டும்.

ஏறுவதற்கு முன் எண் பலகையைப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. மலேசியாவில் டாக்சிக்கு வெள்ளைப் பலகையில் கருப்பு எழுத்து, எண் எச் என்ற எழுத்தில் தொடங்கும். கிராப் கார் சாதாரணச் சொந்தக் கார்தான். கருப்புப் பலகை, வெள்ளை எழுத்து. ஆப்பில் வரும் எண்ணும் காரின் எண்ணும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் பொருந்த வேண்டும். "அந்தக் கார் ரிப்பேர், நான் பதிலுக்கு வந்திருக்கேன்" என்கிற ஓட்டுநரின் காரில் ஏறக்கூடாது. ஏறியபின், பயணத்தைப் பகிரும் வசதியில் ஊரில் இருக்கிற ஒருவருக்கு இணைப்பை அனுப்பிவிடலாம். வீட்டில் உட்கார்ந்தபடியே கார் எங்கே போகிறது என்று அவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

இதற்கெல்லாம் வெளியே, உரிமம் இல்லாமல் ஆள் ஏற்றும் கார்கள் இருக்கின்றன. மலேசியர்கள் அவற்றை 'கெரெத்தா சாப்பு' என்பார்கள். கூடத்தில் நடந்து வரும் பயணியிடம் யாரோ ஒருவர் நெருங்கி, "அண்ணே, டாக்சி வேணுமா? கவுன்டர்ல ரொம்ப விலை" என்று தமிழிலேயே கேட்கலாம். வெளிநாட்டில் முதலில் காதில் விழும் தமிழ் மனதைக் கரைத்துவிடும். அதனால்தான் இந்த இடத்தில் எச்சரிக்கை அதிகம் தேவை. ஆள் நல்லவரா கெட்டவரா என்று முகம் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. முறையான வண்டி எதுவும் பயணியைத் தேடிக் கூடத்துக்குள் வராது. அந்த ஒரு விதி போதும். "வேண்டாம்ண்ணே, வண்டி வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடந்துவிட வேண்டும்.

இனி அறை. எந்த வட்டாரம் என்பதுதான் முதல் முடிவு. எந்த ஹோட்டல் என்பது அதற்குப் பிறகு. முதல் தடவை போகிற தமிழ்க் குடும்பத்துக்கு பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரமே ஏற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், தீயிலும் வெள்ளத்திலும் அழிந்த நகரைச் செங்கல்லில் திரும்பக் கட்டியபோது சூளைகள் இருந்த இடம் என்பதால் அந்தப் பெயர். பின்னர் ரயில்வே பணிமனை வந்தது. தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த ரயில்வே ஊழியர்கள் அங்கே குடியேறினார்கள். 2010இல் அது லிட்டில் இந்தியா என்று அரசே திறந்துவைத்த பகுதி ஆனது. பெருமை இருக்கட்டும், பயணிக்கு முக்கியம் வேறு: விமான நிலைய ரயில் வந்து நிற்கும் கேஎல் சென்ட்ரலிலிருந்து நூ சென்ட்ரல் வணிக வளாகத்தின் வழியாகவே நடந்து துன் சம்பந்தன் சாலைக்கு வந்துவிடலாம். டாக்சியே தேவைப்படாது. இட்லி, வாழை இலைச் சாப்பாடு எல்லாம் நடக்கும் தூரத்தில் கிடைக்கும். பத்துமலைக்குக் கொம்யூட்டர் ரயிலும் அதே சென்ட்ரலிலிருந்து கிளம்புகிறது. அதே பிரிக்ஃபீல்ட்ஸில் முக்கியச் சாலையை விட்டு விலகிய சில பின்சந்துகள் இரவில் குடும்பத்தோடு நடக்கத் தகுந்தவை அல்ல. அங்கே கிடைக்கும் அறை சில ரிங்கிட் மலிவாக இருக்கும். அந்த மலிவுக்கு ஆசைப்பட வேண்டாம்.

புக்கிட் பிந்தாங் கடைகளுக்கும் இரவு வாழ்க்கைக்கும் பெயர் பெற்றது. இளைஞர்களுக்குப் பிடிக்கும், சத்தம் நள்ளிரவு தாண்டியும் ஓயாது. இரட்டைக் கோபுரத்தைச் சுற்றிய பகுதி அமைதியானது, விலை கூடியது. மஸ்ஜித் இந்தியா தெருவும் சைனாடவுனும் துணிமணி வாங்கவும், 1873இல் தோன்றிய ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலுக்குப் போகவும் வசதி. சௌகிட் பகுதியில் மலிவு அறை நிறைய உண்டு. ஊர் தெரியாதவர்களுக்கு, அதுவும் ராத்திரியில், அது சரிப்படாது. தைப்பூசத்துக்குப் போகிறவர்கள் ஒன்றைத் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். பூச நாளுக்கு முன்பே, இரவில், வெள்ளித் தேர் மாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலைக்குக் கிளம்புகிறது. வழியெங்கும் சாலைகள் மூடப்படும், கார் நகராது. அந்த வாரத்தில் ரயில் நிலையத்துக்கு நடக்கும் தொலைவில் உள்ள அறைதான் அறை, அதையும் சில மாதங்களுக்கு முன்பே போட்டுவிட வேண்டும்.

மலிவு விலை அறைகளைப் போடும்போது கவனிக்க வேண்டிய ஒன்று, நம்மூரில் பலருக்குத் தோன்றாதது: ஜன்னல். கோலாலம்பூரின் பழைய கடைவீட்டுக் கட்டடங்களை ஹோட்டலாக மாற்றியபோது, உள்பக்க அறைகள் பலவற்றுக்கு ஜன்னலே இல்லாமல் போய்விட்டது. இணையத்தில் அறையின் பெயரோடு "ஜன்னல் இல்லை" என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். கரையில் காற்றோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு அந்த அறை முதல் இரவிலேயே மூச்சு முட்டும். அடுத்தது பணம். வெளிநாட்டவர் தங்கும் ஒவ்வோர் அறைக்கும் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி 2017 செப்டம்பரிலிருந்து வசூலிக்கப்படுகிறது. இணையத்தில் கட்டிய தொகையில் பெரும்பாலும் இது அடங்காது. சாவி கொடுக்கும்போது 50 அல்லது 100 ரிங்கிட் முன்பணம் கேட்பதும் வழக்கம், அறையைக் காலி செய்யும்போது திரும்பக் கிடைக்கும். ரசீது வாங்காமல் அந்தப் பணத்தைக் கொடுக்கக்கூடாது. கடவுச்சீட்டை வரவேற்பறையில் காட்டலாம், நகல் எடுக்க விடலாம். எடுத்ததும் கையில் திரும்ப வாங்கிவிட வேண்டும்.

ஹோட்டலைப் பற்றிப் பிறர் எழுதிய கருத்துகளைப் படிக்கவும் ஒரு முறை உண்டு. மொத்த மதிப்பெண்ணை நம்புவதைவிட, கடைசி மூன்று மாதத்தில் எழுதப்பட்ட குறைகளை மட்டும் எடுத்துப் படிக்கலாம். ஒருவர் "காலை உணவு சுமார்" என்று எழுதியிருந்தால் விட்டுவிடலாம். கதவுப் பூட்டு சரியில்லை, மூட்டைப்பூச்சி, முன்பணம் தரவில்லை என்று இரண்டு மூன்று பேர் எழுதியிருந்தால் அந்த ஹோட்டல் வேண்டாம். தனியாக வந்த பெண்கள் எழுதியதைத் தேடிப் படித்தால் தெருவின் இரவு நிலவரம் தெரியும். பெயரில் "கேஎல் சென்ட்ரல்" என்று இருப்பதாலேயே அது பக்கத்தில் இருந்துவிடாது. வரைபடத்தில் நடக்கும் தூரத்தை அளந்து, தெருப்படத்தில் அந்தச் சாலையை ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. தெருவில் நடக்கும்போது கைப்பையை வண்டிகள் போகும் பக்கம் தொங்கவிடக் கூடாது. மோட்டார் சைக்கிளில் வந்து பை பறிப்பது அந்த நகரின் பழைய நோய். ஆபத்து என்றால் 999. இந்தியத் தூதரகம் மோன்ட் கியாராவில் இருக்கிறது.

வேலைக்காகப் போகிறவர்களுக்கு அறையும் வண்டியும் வேறு வகையான கேள்வி. "டூரிஸ்ட்டா வா, ஏர்போர்ட்ல ஆள் வருவாங்க, ரூம் நாங்க தர்றோம்" என்று ஒரு முகவர் சொன்னால், பயணி எங்கே தூங்கப் போகிறார் என்பதும் எந்த வண்டியில் ஏறப் போகிறார் என்பதும் முழுக்க வேறொருவர் கையில் போய்விடுகிறது. கணினி வேலை என்று நம்பி பாங்காக்கில் இறங்கிய தமிழ்நாட்டு இளைஞர்கள், விமான நிலையத்தில் காத்திருந்த காரில் ஏற்றப்பட்டு, எல்லை தாண்டி மியான்மருக்குள் கொண்டுபோகப்பட்டு, இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டார்கள். 2022இல் அவர்களில் ஒரு பகுதியினர் மீட்கப்பட்டுச் சென்னை திரும்பினார்கள். ஏரியில் மீன் குறைந்த வருஷங்களில் இப்படிப்பட்ட அழைப்புகளுக்குச் செவி சாய்க்கத் தோன்றும். அந்த வலி புரியக்கூடியதே. ஆனால் சுற்றுலா அனுமதியில் வேலை என்பது மலேசியாவிலோ தாய்லாந்திலோ சட்டப்படி கிடையாது. இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்ற முகவரா என்று பார்க்காமல், முகவரி தெரியாத அறைக்குப் போகும் காரில் ஏறக் கூடாது. கடவுச்சீட்டைக் கேட்கும் எந்த "வரவேற்பாளரிடமும்" அதைக் கொடுக்கக் கூடாது.

மற்ற நகரங்களுக்கும் இதே கணக்கு, விவரம்தான் மாறும். சிங்கப்பூர் சாங்கியில் மீட்டர் டாக்சி வரிசையும் எம்ஆர்டி ரயிலும் இருப்பதால் கவலை மிகக் குறைவு. தமிழர்கள் வழக்கமாகத் தங்குவது சிராங்கூன் சாலை, ஃபேரர் பார்க் பக்கம். பாங்காக்கின் சுவர்ணபூமியில் இயந்திரத்தில் டாக்சிச் சீட்டு எடுத்துக்கொண்டு, அந்தச் சீட்டைக் கடைசி வரை கையில் வைத்திருக்க வேண்டும். மீட்டர் கட்டணத்தோடு 50 பாட் சேரும். துபாயில் மெட்ரோவின் சிவப்புத் தடம் விமான நிலையத்தின் 1, 3 டெர்மினல்களைத் தொடுகிறது. பெண்களே ஓட்டும், இளஞ்சிவப்புக் கூரை போட்ட டாக்சிகள் பெண்களுக்கும் குடும்பங்களுக்கும் கிடைக்கும்.

திரும்பி வருகிற நாளையும் இதே கணக்கில் சேர்த்துப் போட வேண்டும். கோலாலம்பூரில் விடிகாலை விமானம் என்றால் முதல் ரயிலுக்கு முன்பே கிளம்ப வேண்டியிருக்கும். காரை முந்தைய இரவே ஆப்பில் முன்பதிவு செய்து வைக்கலாம், அல்லது கடைசி இரவை விமான நிலையப் பக்கம் கழிக்கலாம். சென்னையில் இரவு பத்துக்கு மேல் இறங்கினால், பெட்டி வந்து சேரும்போது மெட்ரோ நின்றிருக்கும். அந்த நேரத்தில் எளாவூர் வரை போக ப்ரீபெய்டு டாக்சி கவுன்டர்தான் வழி. ஆப் டாக்சி வேண்டுமென்றால் அடுக்கு வாகன நிறுத்துமிடம் வரை நடக்க வேண்டும். காலையில் இறங்குகிறவர்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. மெட்ரோவில் சென்ட்ரல் வந்து, மூர் மார்க்கெட் வளாகத்தில் கும்மிடிப்பூண்டி ரயில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு.